விமானத்தில் முன்வகுப்புக்குக் கூடுதல் பணம் கட்டலாமா? செட்டிநாட்டுப் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்து உள்நாட்டு விமானத்துக்கு டிக்கெட் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். பணம் கட்டப் போகும் நேரத்தில், "இன்னும் இவ்வளவு கட்டினால் பிசினஸ் கிளாஸ்" என்று திரையில் வருகிறது. விமானத்தின் முன்பக்கம் இருக்கும் அந்த வகுப்பைத்தான் முன்வகுப்பு என்கிறேன். உறவுக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நெடுநாளாக டிக்கெட் போட்டுக் கொடுப்பதால், அந்தத் தயக்கத்தோடு எனக்கு வரும் அழைப்புகள் நிறைய. அடிக்கடி வருகிற கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். கட்டலாமா, வேண்டாமா?

வானத்தில் இருக்கும் நேரம் இரண்டு மணிக்குள் என்றால் வேண்டாம். இரண்டரை மணிக்கு மேல் போனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கொண்டுபோகும் சாமான் 15 கிலோவைத் தாண்டுகிறதா? போகிறவர் காலை மடக்கியே உட்கார முடியாதவரா? இறங்கியதும் நேராக ஒரு முக்கியமான வேலைக்குப் போக வேண்டுமா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பணத்தை வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்குமான பயணத்துக்குச் செலவழியுங்கள். நம் பக்கத்துக்காரர்களை அலுக்க வைப்பது தரையில் கழியும் நேரம்தான்.

நம் நாட்டு உள்நாட்டு விமானங்களில் ஃபர்ஸ்ட் கிளாஸ் இருக்கிறதா?

பொதுவாக இல்லை. பேச்சில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொல்லிவிடுகிறோம். இங்கே உள்ளூர்த் தடங்களில் விற்பது பிசினஸ் கிளாஸ். அதற்கும் எகானமிக்கும் நடுவே பிரீமியம் எகானமி.

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்த பிறகு, முழு வசதியோடு பிசினஸ் வகுப்பு தருவது பெரும்பாலும் ஏர் இந்தியாதான். அதே 2024 நவம்பரில் இண்டிகோவும் டெல்லி–மும்பைத் தடத்தில் 'ஸ்ட்ரெட்ச்' என்ற பெயரில் 12 அகல இருக்கைகளோடு தொடங்கி, பிறகு மற்ற பெரிய நகரங்களுக்கும் கொண்டுபோயிற்று. ஆகாசாவில் எகானமி மட்டும்தான்.

மதுரையிலோ திருச்சியிலோ ஏறினால் இந்த வகுப்பு கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. பல பேர் இதைத் தெரிந்துகொள்ளாமலே குழம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

திருச்சி–சென்னை போன்ற குறுந்தடங்களில் அதிகம் ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம். இண்டிகோ ஓட்டும் ஏ.டி.ஆரில் 78 இருக்கைகள், எல்லாமே ஒரே வகுப்பு. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்பதால் நடு இருக்கை என்ற தொல்லையே இல்லை. கணவனும் மனைவியும் போனால் மூன்றாவது ஆள் இல்லாமல் சேர்ந்து உட்காரலாம்.

ஏ.டி.ஆரில் இன்னொன்றைக் கவனியுங்கள். பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் இருக்கிறது, முன்பக்கம் சாமான் ஏற்றும் அறை. முதல் வரிசைக்குப் பணம் கட்டி உட்கார்ந்தால் கடைசியாக இறங்குவீர்கள். விசிறிகள் முன்பாதிக்கு நேராகச் சுற்றுவதால் அங்கே இரைச்சலும் அதிகம். அதனால் வயதானவர்களுக்குப் பின்வரிசைகளைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ஆக, நம் ஊரிலிருந்து டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகிறவர்களுக்கு முன்வகுப்பு என்ற பேச்சே சென்னையிலோ வேறு பெரிய ஊரிலோ மாறிய பிறகுதான் வரும். அந்த நீண்ட பகுதிக்கு மட்டும் கட்டினால் போதும்.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

டிக்கெட் விலையை வைத்துப் போடாதீர்கள், மணியை வைத்துப் போடுங்கள்.

காரைக்குடியிலிருந்து திருச்சி வழியாக டெல்லிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே இருக்க வேண்டும். சென்னைக்கு ஒரு மணி நேரம். சென்னையில் மாறிப் போக இரண்டு மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி. இறங்கிப் பெட்டி எடுத்து டாக்சி பிடித்து வீடு சேர இன்னும் ஒன்றரை மணி. கூட்டினால் பத்து மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பிசினஸ் இருக்கை உங்களுக்கு உதவுவது அதில் மூன்று மணிக்கும் குறைவு.

உதாரணத்துக்கு எகானமி 6,000 ரூபாய், பிசினஸ் 18,000 ரூபாய் என்று வைப்போம். வித்தியாசம் 12,000. இரண்டே முக்கால் மணிக்குப் பகிர்ந்தால் மணிக்கு 4,300 ரூபாய்க்கு மேல். இதே 12,000-ல் வேறு என்னென்ன செய்யலாம் என்று பாருங்கள். இரண்டு பஸ் மாறி வருவதை விட்டுவிட்டு வாசலிலிருந்தே காரில் போகலாம். முதல்நாள் மாலையே சென்னைக்குப் போய் நல்ல அறையில் தூங்கி எழுந்து காலை விமானத்தைப் பிடிக்கலாம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டிய விமானத்தை விட்டுவிட்டு, விலை கூடினாலும் பத்து மணி விமானத்தை எடுக்கலாம். இந்த மூன்றுமே முன்வகுப்பைவிட அலுப்பை அதிகம் குறைக்கும்.

காரைக்குடிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது, ஊருக்குள் நுழைய வேண்டாம். மதுரை விமான நிலையமோ ஊருக்குத் தெற்கே இருப்பதால் நம் பக்கமிருந்து போனால் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். கட்டணம் ஒன்றாக இருந்தால் முதலில் திருச்சியைப் பாருங்கள்.

இருக்கையில் உண்மையிலேயே எவ்வளவு வித்தியாசம்?

ஏர் இந்தியா புதுப்பித்த ஏ320 நியோ விமானத்தில் 8 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி, 132 எகானமி இருக்கைகள். வரிசைக்கு வரிசை இடைவெளி பிசினஸில் 40 அங்குலம், பிரீமியம் எகானமியில் 32, எகானமியில் 28 அல்லது 29. பிசினஸ் இருக்கை பின்னால் 7 அங்குலம் சாயும். எகானமிக்கும் பிசினஸுக்கும் ஏறக்குறைய ஓரடி வித்தியாசம், உயரமானவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இந்தச் சிறிய விமானங்களில் இருக்கை படுக்கையாக விரியாது. வெளிநாட்டு விமான விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு அதையே எதிர்பார்த்துப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதிர்பார்க்க வேண்டாம்.

பிரீமியம் எகானமி நல்ல நடுவழியா?

எனக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. கிடைக்கும் கூடுதல் இடம் மூன்று நான்கு அங்குலம். கால் நீட்டுவதுதான் தேவையென்றால் முதல் வரிசையையோ அவசர வழி வரிசையையோ தனிக் கட்டணத்தில் எடுப்பது பெரும்பாலும் மலிவாக முடியும். அவசர வழி வரிசையை முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தர மாட்டார்கள்.

வரி எவ்வளவு கூடும்?

எகானமிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மற்ற வகுப்புகளுக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பிரீமியம் எகானமியும் இந்த 18-க்குள்தான் வருகிறது. 15,000 ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்கு வரியே 2,700 ரூபாய். வியாபார வேலையாகப் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழியுண்டு, ஆடிட்டரிடம் பில்லைக் கொடுங்கள்.

மகள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிறோம். லக்கேஜுக்காகவே பிசினஸ் எடுக்கலாமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆச்சிமார். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை, போதாததற்கு மசாலாப் பொடி, வடகம், வற்றல். தீபாவளிக்கு முன்பும் கல்யாண மாதங்களிலும் எடை எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது.

உள்நாட்டு எகானமியில் பெட்டிக்கு வழக்கமான அளவு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. பிசினஸில் பெட்டி அளவு 25 முதல் 35 கிலோ வரை, எடுக்கும் கட்டண வகையைப் பொறுத்து மாறும். கூடுதல் எடைக்கு கிலோவுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் பத்து கிலோவுக்கு 6,000. இந்த 6,000-ஐ வகுப்பு வித்தியாசத்திலிருந்து கழித்துவிட்டுப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 12,000 என்பது 6,000 ஆகிவிடும். அப்போது முன்வகுப்பு அவ்வளவு விலையாகத் தோன்றாது.

ஆனால் அதற்கு முன்னால் வேறு வழிகள் இருக்கின்றன. கூடுதல் எடையை விமான நிலையக் கவுண்டரில் வாங்காமல் இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் மலிவு. இரண்டு பேர் ஒரே டிக்கெட்டில் போனால் இருவர் எடையையும் சேர்த்துக் கணக்கிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெடாத பண்டங்களைப் பார்சல் சர்வீஸில் நான்கு நாள் முன்னதாக அனுப்பிவிடலாம், முறுக்கு வகைகளுக்கு ஒன்றும் ஆகாது. அதிரசமும் மாவுருண்டையும் மட்டும் கையோடு போகட்டும், அவை நசுங்கினால் மனசு கேட்காது.

கடைசி நேரத்தில் வகுப்பை மாற்றிக்கொண்டால் கூடுதல் எடையும் சேர்ந்து கிடைக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன்னால் கேட்டுவிடுங்கள். சென்னைக்கு ஒரு விமானம், அங்கிருந்து வேறு நிறுவனத்தின் விமானம் என்று தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் முதல் விமானத்தின் 15 கிலோ அப்படியேதான் இருக்கும். அடுத்த விமானத்தில் முன்வகுப்பு எடுத்தாலும் திருச்சி கவுண்டரில் கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டி வரும். இதில் ஏமாந்து நிற்பவர்கள் அதிகம்.

எந்த வகுப்பில் போனாலும் கொப்பரைத் தேங்காயைக் கொண்டுபோக வேண்டாம். தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று எடுத்துவிடுவார்கள். எண்ணெய் ததும்பும் ஊறுகாய் கைப்பையில் இருந்தாலும் சோதனையில் நிறுத்துவார்கள். நன்றாகக் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. காசிக்குக் கூட்டிப் போகிறோம். பிசினஸ் எடுத்தால் சிரமம் இருக்காதல்லவா?

அப்பத்தாவின் சிரமம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட நடப்பதும் நிற்பதும் படி ஏறுவதும்தான் முழங்காலைப் பிடிக்கும். அதற்குத் தேவை சக்கர நாற்காலி. நடக்க முடியாத முதியவருக்கு அது எகானமியிலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், 48 மணி நேரம் முன்னதாக ஒருமுறை போன் செய்து உறுதிப்படுத்துங்கள். நுழைவாயிலிலேயே கேட்டு வாங்குங்கள். மாறும் ஊரிலும் இறங்கும் ஊரிலும் வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். உதவியாளர் ஒருவரும் கூட வருவார், சோதனை வரிசையும் சுருங்கும்.

அடுத்து, மாறுவதைக் குறைக்கப் பாருங்கள். ஒருமுறை மாறினாலே சென்னையில் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்குப் போக வேண்டியிருக்கலாம். டெர்மினல் 1-ம் டெர்மினல் 4-ம் அடுத்தடுத்து இல்லை. இரண்டு விமானமும் ஒரே நிறுவனம், ஒரே பி.என்.ஆர். என்றால் பெட்டி நேராகக் காசிக்குப் போய்விடும்.

உட்காருவதற்கு நடைவழி ஓர இருக்கை எடுங்கள். அப்பத்தா ஜன்னலோரம் கேட்டால் விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், எழுந்து போய் வர நடைவழி ஓரம்தான் வசதி. இவ்வளவும் செய்த பிறகும் காலை நீட்டியே வைக்க வேண்டும், அறுவை சிகிச்சை செய்து சில மாதம்தான் ஆகிறது என்றால், நீண்ட பகுதிக்குப் பிசினஸ் எடுங்கள். அந்தத் தடத்தில் அந்த வகுப்பு இருந்தால் தயங்கவே வேண்டாம். அந்த நிலையில் அது ஆடம்பரமில்லை. டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எகானமியில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் என்கிறார்களே?

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்றது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நம் உள்நாட்டுப் பறப்புகள் பெரும்பாலும் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். தண்ணீர் குடியுங்கள், கணுக்காலை அசைத்துக்கொண்டே இருங்கள், ஒருமுறை எழுந்து நடங்கள். முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள் எந்த வகுப்பாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எப்போது வாங்கினால் மலிவாகக் கிடைக்கும்?

டிக்கெட் போடும் அன்றே வாங்குவது பெரும்பாலும் விலை அதிகம். எகானமி எடுத்துவிட்டுக் காத்திருங்கள். பயணத்துக்கு முந்தைய நாட்களில் செயலியிலோ மின்னஞ்சலிலோ சலுகை வரும். சில நிறுவனங்களில் நீங்களே ஒரு தொகை சொல்லி ஏலம் கேட்கலாம். காலி இருக்கை இருந்தால் விமான நிலையக் கவுண்டரிலும் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்கும் முன் உங்கள் மனத்தில் ஒரு தொகை இருக்க வேண்டும். நான் வைத்திருக்கும் அளவு, பறக்கும் ஒரு மணிக்கு 1,500 ரூபாய். டெல்லிக்கு 4,000 ரூபாய்க்குள் வந்தால் தாராளமாக வாங்குங்கள், அதற்கு மேல் விட்டுவிடுங்கள். பயணப் புள்ளிகள் சேர்ந்திருந்தால் அவற்றை நீண்ட தடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரப் பறப்பில் கரைக்க வேண்டாம்.

லவுஞ்ச் உண்டு என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். உங்கள் கிரெடிட் கார்டிலேயே அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டுக்காகவும் கட்டாதீர்கள். வாழையிலையில் கட்டிய நான்கு பொடி இட்லி எந்த விமானத்திலும் தடையில்லை.

பணம் கட்டியும் எகானமியில் உட்கார வைத்தால்?

விமானம் மாறும்போது இது நடக்கும். உங்கள் சம்மதம் இல்லாமல் கீழ் வகுப்புக்கு மாற்றினால், உள்நாட்டுப் பயணத்தில் வரியும் சேர்த்து அந்த டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. போர்டிங் பாஸ்கள் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். மாற்றியதை அங்கேயே எழுத்தில் வாங்குங்கள், ஊருக்குத் திரும்பிய பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

வீட்டுப் பெரியவர்கள் இதெல்லாம் வீண் செலவு என்கிறார்கள். ரயிலே போதாதா?

சென்னைக்கு மட்டும் என்றால் பெரியவர்கள் சொல்வதுதான் சரி. விடிகாலை பல்லவன் ரயிலில் ஏறினால் மதிய வாக்கில் எழும்பூர். இல்லையென்றால் இரவு ரயிலில் ஏ.சி. படுக்கை, எழுந்தால் சென்னை. கார், காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் விமானத்தில் மிச்சமாகும் நேரம் ஒன்றிரண்டு மணிதான்.

மற்றபடி, செலவழிப்பதே தவறு என்று நம் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. ஐந்தொகைக் கணக்கு எழுதிப் பழகிய ஊர் இது, எதற்கு எவ்வளவு என்று தெரிந்து செலவழிக்கச் சொன்னார்கள். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் விமானி உரிமம் பெற்றவர், 1940-களில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையே நடத்தினார். சம்பாதித்ததைக் கல்விக்கு அள்ளிக் கொடுத்தவரும் அவர்தான். காரைக்குடியில் அவர் பெயர் சொல்லும் கல்லூரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பணம் எங்கே போனால் நிற்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறோம். அங்கே உள்ளூர் விமானத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று காட்டுகிறதே?

அங்கே உள்நாட்டு விமானத்தின் முன்வகுப்புக்கு ஃபர்ஸ்ட் என்றே பெயர். அதுவும் பெரும்பாலும் சாய்மான இருக்கைதான். நியூயார்க்–லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க்–சான் பிரான்சிஸ்கோ போன்ற சில தடங்களில்தான் படுக்கையாக விரியும் இருக்கை. வெறும் உள்நாட்டு ஃபர்ஸ்ட் டிக்கெட்டுக்கு லவுஞ்ச் பொதுவாகக் கிடையாது.

ஆனால் அங்கே கணக்கு நம் ஊர்போல் இல்லை. பெரிய நிறுவனங்கள் எகானமியில் முதல் பெட்டிக்கே 35 டாலர் அல்லது அதற்கு மேல் வாங்குகின்றன, அதுவும் 23 கிலோதான். ஃபர்ஸ்ட் என்றால் 32 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் இலவசம். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஐந்தாறு மணி நேரம் பறக்க வேண்டும், அதற்கு முன் ஊரிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து தூக்கம் கெட்டிருக்கும். வயதான அப்பா அம்மா தனியாகப் போகிறார்கள், உள்ளூர் டிக்கெட் தனியாக எடுத்திருக்கிறது, வித்தியாசம் நூறு நூற்றைம்பது டாலருக்குள் என்றால் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக இருந்தால் சர்வதேசப் பயணத்துக்கான பெட்டி அளவே உள்ளூர் விமானத்திலும் செல்லும். அப்போது லக்கேஜுக்காகக் கட்டத் தேவையில்லை.

அப்பா அம்மாவுக்கு மணிவிழா. முதல் விமானப் பயணம். பிசினஸில் அனுப்ப ஆசையாக இருக்கிறது.

அனுப்புங்கள். மேலே எழுதிய கணக்கெல்லாம் இதற்குப் பொருந்தாது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரண்டு மணிக்கு மேல் பறக்கும் பகல் விமானமாகப் பாருங்கள், ஒரு மணி நேரப் பறப்பென்றால் சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். சைவமா அசைவமா என்பதை முன்பே பதிவு செய்யுங்கள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாக எடுங்கள், ஜன்னலோரம் அம்மாவுக்கு.

கைக்குழந்தையோடு போகிறோம். முன்வகுப்பு உதவுமா?

அவ்வளவாக உதவாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை எந்த வகுப்பிலும் மடியில்தான். நடு இருக்கை காலியாக வாய்ப்புள்ள நடுப்பகல் விமானத்தை எடுத்து, பின்பக்க வரிசையில் கழிவறைக்குப் பக்கமாக உட்காருங்கள்.